செத்த தோட்டத்துக்குக் கொடுத்த மாவு

எங்கள் ஊரில் வந்து செச்செலேலா வீடு எது என்று கேட்டால், "எந்தச் செச்செலேலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மூன்று பேர் இருக்கிறார்கள். "மாவுக்காரி வீடு" என்று கேட்டால் போதும், நேராக என் அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். அவள் மாவு விற்றவள் இல்லை. அரைத்துக் கொடுத்தவளும் இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இரண்டு கிலோ கம்பு மாவை ஒருவருக்குக் கொடுத்தாள். கொடுத்த இடம் இத்தாலி. அதுதான் விஷயம்.

செச்செலேலா என் அண்ணன் ந்தஹானியின் மனைவி, எனக்கு மதினி. அண்ணன் போய் ஆறு வருஷமாகிறது. எங்கள் கோகோ இனத்து ஜனங்களில் மதினியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசலாம். கல்யாணத்திலும் பேசலாம், சாவு வீட்டிலும் பேசலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த உரிமையை நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. அதோடு எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. ஒரு விஷயம் பாதி தெரிந்துவிட்டால் மீதி தெரியும்வரை எனக்குக் களி தொண்டையில் இறங்காது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கோயில் பெண்களின் மேளக் குழுவிலிருந்து ஆறு பேரை இத்தாலிக்குக் கூப்பிட்டார்கள். இங்கே பங்கு பார்த்துவிட்டுத் திரும்பிப் போன ஒரு ஃபாதரின் ஊரில் ஏதோ திருவிழாவாம். ஜனவரி மாதம், பன்னிரண்டு நாள். நானும் அந்தக் குழுவில்தான் இருந்தேன். என்னை விட்டுவிட்டார்கள். என் கையில் தாளம் பிசகுகிறதாம். இந்த எமரன்சியானாவின் கையிலா தாளம் பிசகும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

போகாத குறையை நான் கேட்டுத் தீர்த்துக்கொண்டேன். திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டும் வேலை பேச்சுக்கென்றே ஏற்பட்டது. கம்பி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. கிழித்த துணியை நான் நீட்டுவேன், அவள் முடிச்சுப் போடுவாள். முகத்துக்கு நேரே முகம், எழுந்து ஓடவும் முடியாது. பழைய கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து புதுத் தளிர் ஒரு முழம் நீண்டதும் வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த வேலை வரும். இரண்டு தடவையும் நான் அவளை இத்தாலிக்கு அனுப்பித் திரும்பக் கூட்டி வருவேன்.

"அங்க நாய் என்னத்தத் தின்னுது மதினி?"

"கடையில வாங்கின பிஸ்கோத்து. வீட்டுக்குள்ள, மனுசன் கட்டில்ல தூங்குது."

"மனுசன் எங்க தூங்கறான்?"

"அது பக்கத்துலதான்."

"பனி எப்படி இருக்கு? உப்பு மாதிரியா, மாவு மாதிரியா?"

"பாக்க உப்பு. மிதிச்சா மாவு மூட்டைய அழுத்தற சத்தம். போதுமா? துணியக் கொடுடி."

அந்த இரண்டு கிலோ மாவு அவள் பெட்டிக்குள் போன காரணம் பயம். அங்கே என்ன போடுவார்களோ, தவளையா நத்தையா என்று பயந்து, கம்பு மாவை ஒரு பையில் கட்டித் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பையைப் பிரித்தாராம். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாராம். நாய் ஒன்றையும் கூட்டிவந்து காட்டினாராம். நாய் தும்மியதும் விட்டுவிட்டார்கள்.

அவர்களைத் தங்க வைத்த வீடும் திராட்சைக்காரர் வீடுதான். பியெரோ என்று ஒரு கிழவர், லாவ்ரா என்று அவர் மகள். இரண்டாம் நாள் காலையில் அந்த லாவ்ரா, நீங்களும் எங்களைப் போலத் திராட்சைக்காரர்கள்தானே, வாருங்கள் தோட்டத்தைக் காட்டுகிறோம் என்று சைகையில் சொல்லி ஆறு பேரையும் பின்பக்கம் அழைத்துப் போனாள். மொழி தெரிந்த சிஸ்டர் ரெதெம்ப்தா எங்கள் நாட்டு இரிங்காவிலிருந்து போய் அங்கே மடத்தில் இருப்பவர். அவர் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

பின்பக்கம் போனால் மலைச்சரிவு முழுக்கக் கருப்புக் கட்டைகள். ஒரு இலை இல்லை. ஒரு தளிர் இல்லை. கண்ணுக்கு எட்டியமட்டும் வரிசை வரிசையாகச் செத்த கொடி.

எங்கள் ஊரில் கொடிக்கு இலை இல்லாத நாள் கிடையாது. வெட்டிவிட்ட பத்தாம் நாள் அது துளிர்த்துவிடும். இலை இல்லை என்றால் கரையான் தின்றுவிட்டது, கொடி செத்தது என்று ஒரே அர்த்தம். ஆறு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய சாவு விழுந்திருக்கிறது, வந்த விருந்தாளிகளின் மனம் கஷ்டப்படக் கூடாதென்று இந்தப் பெண் சிரித்துக்கொண்டே நிற்கிறாளே என்று அவர்கள் உருகிப்போனார்கள்.

மதினி யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஓடினாள், பெட்டியைத் திறந்தாள், மாவுப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது, மாவு கொண்டுபோக வேண்டும். போய்த் தரையில் உட்கார வேண்டும். துக்கப்பட்டவர் வாய் திறக்கும்வரை நாம் பேசக் கூடாது. இதெல்லாம் எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆறு பேரும் மேலுக்குச் சுற்றியிருந்த காங்காத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பனிச் சகதியில் உட்கார்ந்துவிட்டார்கள். மாவுப் பையைக் கிழவருக்கு முன்னால் வைத்தார்கள். மெதுவாக ஒப்பாரியும் ஆரம்பித்தது.

லாவ்ரா பயந்துபோய் சிஸ்டரைக் கூட்டிவர ஓடினாள். கிழவர் ஓடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே, அவர்களோடு சகதியில் உட்கார்ந்தார். அழுதார். அழுதுகொண்டே கண்ணிலிருந்து கன்னத்துக்கு விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, கொடிகளைக் காட்டி, ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து சிஸ்டர் ரெதெம்ப்தா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கடைசி வார்த்தை மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

"அழுதா சரியாயிடும்னு சொல்றார்மா" என்றார். இப்போது எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் ஆறுதலுக்கு அதைத்தான் சொல்கிறோம்.

அப்புறம்தான் சிஸ்டர் விஷயத்தை உடைத்தார். கொடி சாகவில்லை. குளிருக்குத் தூங்குகிறது. நாலு மாதம் தூங்கிவிட்டு எழுந்துகொள்ளும். மற்ற ஐந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர்கள் விமானம் ஏறி இங்கே எங்கள் டொடோமாவில் வந்து இறங்கும்வரை சிரிப்பை நிறுத்தவில்லை. ஒப்பாரி வைத்தது ஆறு பேர், பட்டப்பெயர் வாங்கியது ஒருத்தி. அந்த மாவை லாவ்ரா அன்று ராத்திரியே களி கிண்டிவிட்டாளாம். அவர்களும் களி கிண்டுகிறவர்கள்தானாம், மக்காச்சோளத்தில், மஞ்சளாக. எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்களாம்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தூங்குதுன்னு அந்தாளுக்குத் தெரியும்ல? தெரிஞ்சவன் எதுக்கு மதினி அழுதான்?"

"தெரியலடி எமா."

"பன்னெண்டு நாள் அவன் வீட்டுச் சோத்தத் தின்ன. கேக்கலியா?"

"அழறவனப் பாத்து ஏன் அழறேன்னு கேக்கவா என்னப் பெத்தாங்க? துணியக் கொடு."

இனி தோட்டத்தின் கதைக்கு வருகிறேன். எங்களிடம் நிலம் குலத்துக்குச் சொந்தம். நட்டது நட்டவருக்குச் சொந்தம். கல்யாணமாகி வந்த வருஷம் மதினி மிஷன் தோட்டத்தில் கவாத்து பண்ணிக் குப்பையில் போட்ட குச்சிகளைப் பொறுக்கிவந்தாள். எங்கள் மேட்டு நிலத்தில் நட்டாள். ஆற்று மணலில் குழி தோண்டி, ஊறும் தண்ணீரைச் சுரைக்குடுக்கையால் மொண்டு மொண்டு, தலையில் சுமந்து ஊற்றினாள். இருநூற்றுப் பன்னிரண்டு கொடி பிழைத்தது. இருபத்தெட்டு வருஷம் காய்த்தது. கீழே இருக்கும் புதுத் தோட்டம் அண்ணன் நட்டது, இப்போது மகன் போன்சியானோவுடையது. மேட்டில் இருக்கும் பழைய தோட்டம் மட்டும் மதினியுடையது. அதாவது மண் எங்களுடையது, கொடி அவளுடையது. அந்தக் கொடி போனால், இந்த ஊரில் கை வைத்து "இது என்னோடது" என்று சொல்ல அவளுக்கு ஒரு குச்சிகூடக் கிடையாது.

போன வருஷம் மார்ச் அறுவடையில் இருநூற்றுப் பன்னிரண்டு கொடியும் சேர்ந்து நாலு பெட்டிதான் கொடுத்தது. அதிலும் பாதி சுருங்கிப்போன பழம். லாரிக்காரன் ஒரு பழத்தை நசுக்கிப் பார்த்துவிட்டு, இதைப் பறவைக்கே விட்டிருக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனான். போன்சியானோ நல்ல பிள்ளைதான், ஆனால் அவனுக்குத் தோட்டத்தில் வருகிறவன் போகிறவன் சிரிப்பது பிடிக்காது. அன்று மத்தியானம் சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

"அம்மா, மேட்டுத் தோட்டத்தப் புடுங்கிட்டு சூரியகாந்தி போடலாம்னு இருக்கேன்."

மதினி களியை உருட்டிக் கீரையில் தோய்த்தாள். வாயில் போட்டாள். முழுங்கிவிட்டுப் பேசினாள்.

"அது களச்சுப் போச்சுடா. தூங்கட்டும்."

"என்னது?"

"இந்தத் தடவ கவாத்து வேணாம். தண்ணியும் வேணாம். மழ வர்ற வரைக்கும் தூங்கட்டும். அப்புறம் பாரு."

"அம்மா, அது இத்தாலி. அங்க குளிரு தூங்க வைக்குது. இங்க யாரு தூங்க வைப்பா?"

"நான்."

"எப்படி?"

"தண்ணி கொடுக்காம."

"அதுக்குப் பேரு தூக்கமில்ல, பட்டினி." அவன் என் பக்கம் திரும்பினான். "அத்த, நீயாவது சொல்லேன். வெளிநாடு போயிட்டு வந்து என்னத்தக் கத்துக்கிட்டு வந்திருக்குன்னு."

நான் குலத்தின் மகள். சூரியகாந்தி எண்ணெய்க்கு ஊரில் எப்போதும் ஆள் நிற்கிறது. நான் சொன்னேன்: "புடுங்கட்டும் மதினி. செத்ததுக்கு மாவு கொடுத்த. இப்ப சாகப்போறதுக்குத் தாலாட்டுப் பாடறியா?"

அவள் சிரிக்கவில்லை. "வருசத்துக்கு ரெண்டு புள்ளன்னு இருபத்தெட்டு வருசம் பெத்தா நீ எந்திரிச்சு நடப்பியா?" என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீ இந்தக் குலத்துப் பொண்ணு எமா. உனக்கு மண்ணு தெரியும். கொடி தெரியாது."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கேலிக்குக் கேலி சொல்லலாம். இது கேலி இல்லை.

கடைசியில் போன்சியானோ ஒரு கெடு வைத்தான். முதல் நல்ல மழைவரை கொடி நிற்கலாம். மழை பெய்து மண் உழுகிற பதத்துக்கு வந்ததும், மூன்றாம் நாள் டிராக்டர் வரும். அதற்குள் உபயோகம் உண்டென்று கொடி எதையாவது காட்ட வேண்டும். மதினி ஒப்புக்கொண்டாள். கொடி எழுந்துகொள்ளவும் மழை வேண்டும், டிராக்டர் வரவும் அதே மழை வேண்டும் என்பதை அவள் யோசித்தாளா என்று தெரியவில்லை. நான் யோசித்தேன்.

ஏப்ரலில் ஊரே கவாத்துக் கத்திரியோடு அலைந்தது. மேட்டுத் தோட்டத்தில் ஒரு கத்திரிச் சத்தம் இல்லை. கீழ்த் தோட்டத்துக்குப் பம்புத் தண்ணீர் பாயும்போது, மேட்டுக்குப் போகும் வாய்க்காலை மதினி மண்வெட்டியால் அடைத்துவிட்டாள். ஜூனில் இலை மஞ்சளானது. ஜூலையில் பழுப்பானது. காற்று வந்து உதிர்த்துக்கொண்டு போனது. ஆகஸ்டில் கீழே போன்சியானோ பழம் பறித்துக்கொண்டிருக்கும்போது மேலே இருநூற்றுப் பன்னிரண்டு கருப்புக் கட்டைகள் நின்றன.

பாதையில் போகிறவர்கள் எல்லாம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்கள். "மாவுக்காரி, மெதுவாப் பேசலாமா, புள்ளைங்க தூங்குதே" என்றான் ஒருவன். "இத்தாலியிலேர்ந்து போர்வ வாங்கிட்டு வரலியா?" என்றாள் இன்னொருத்தி. மதினி கீழ்த் தோட்டத்தில் மகனுக்குக் கந்தகத் தூள் தூவினாள், கூலிக்காரர்களுக்குக் களி கிண்டினாள், பறவை விரட்டினாள். சாயங்காலம் மேட்டுக்குப் போய் ஒரு வரிசை நடந்துவிட்டு வருவாள். தொடமாட்டாள். தூங்குகிறவர்களைத் தொட்டு எழுப்பக் கூடாதாம்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் சந்தைக்குப் போன ஒரு நாள் நான் ரகசியமாக மேட்டுக்குப் போய் ஒரு கட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சையுமில்லை, காய்ந்த பழுப்புமில்லை. இரண்டு பேர் நின்று சண்டை போடக்கூடிய ஒரு நிறம். அடுத்த வாரம் இன்னொன்றைச் சுரண்டினேன். அதற்கடுத்த வாரம் மதினி என்னிடம், "எமா, அஞ்சாவது வரிசையில ஒரு எலி சுத்துது, நகம் பெரிசா இருக்கு" என்றாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

நவம்பர் வந்தது. மழை இன்று வரும் நாளை வரும் என்று எல்லோரும் மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. இத்தாலிக்குப் போன மற்ற ஐந்து பெண்களையும் கூட்டினேன். எல்லோரையும் காங்கா போட்டுக்கொள்ளச் சொன்னேன், ஆளுக்கு ஒரு சட்டியில் கம்பு மாவு எடுத்துவரச் சொன்னேன். காலை ஒன்பது மணிக்கு ஆறு பேரும் வரிசையாக மேட்டுத் தோட்டத்துக்குப் போய்க் கட்டைகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தோம். மாவை வைத்தோம். நான் சத்தமாக ஒப்பாரியை ஆரம்பித்தேன். "என் ராசா, நாலு பெட்டி கொடுத்தியே, நல்லாத் தூங்கறேன்னு சொல்லிட்டுப் போயிட்டியே!" பக்கத்தில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள். எனக்கும் அடிவயிறு வலித்தது.

மதினி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வரிசையைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். என்ன திட்டினாலும் திருப்பிக் கொடுக்க ஐந்தாறு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். முகத்தைக் காங்காவில் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவள் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, மூச்சு முட்ட அழுதாள். அண்ணன் செத்தபோதுகூட அவள் இப்படி அழுததை நான் பார்க்கவில்லை.

சிரித்துக்கொண்டிருந்தவள் வாயை மூடிக்கொண்டாள். துக்கப்பட்டவர் பேசும்வரை நாம் பேசக் கூடாது, அதனால் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்து மதினி முகத்தைத் துடைத்தாள்.

"இருபத்தெட்டு வருசத்துல," என்றாள், "இதுங்க பக்கத்துல வந்து ஒரு ஆளு உக்காந்ததில்ல. பறிக்க வந்தீங்க. கட்ட வந்தீங்க. தின்ன வந்தீங்க. உக்காரன்னு யாரும் வந்ததில்ல. கேலிக்குத்தான் வந்தீங்க, தெரியும். ஆனாலும் வந்தீங்களே."

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷம் கேட்ட கேள்வியை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியும் இருக்கவில்லை. கிழவர் ஏன் அழுதார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மழை அதற்கு நான்காம் நாள் வந்தது. ஒரு சாயங்காலம் முழுக்கக் கொட்டியது. செம்மண் குடித்துக் குடித்து வாசனை விட்டது. போன்சியானோ வாசலில் நின்று டிராக்டர்காரனுக்குப் போன் போட்டான். "நாளன்னிக்கி மறுநாள் வந்துடுங்க" என்றான். மதினி கத்திரியைத் தேடி எடுத்துச் சாணைக்கல்லில் தேய்த்தாள்.

மறுநாள் காலையில் ஏழு பெண்கள் மேட்டில் நின்றோம். யாரையும் யாரும் கூப்பிடவில்லை, ஐந்து பேரும் தாங்களாகவே கத்திரியோடு வந்தார்கள். ஒரு பகலில் இருநூற்றுப் பன்னிரண்டு கொடியையும் கவாத்து பண்ணி முடித்தோம். வெட்டிய இடத்தையெல்லாம் நான் குனிந்து குனிந்து பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அடுத்த நாளும் காய்ந்துதான் இருந்தது. போன்சியானோ வந்து இரண்டு மூன்று கட்டையை ஆட்டிப் பார்த்தான். "உசுரு இருக்கலாம் அத்த. உசுரோட இருக்கறது வேற, காய்க்கறது வேற" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. அதனால்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் டிராக்டர் சத்தம் கேட்டது. நான் அதற்கு முன்னாலேயே மேட்டுக்குப் போய்விட்டேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சும்மா பார்க்கப் போனேன்.

முதல் கொடியின் வெட்டுவாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. மழை ஈரம் என்று நினைத்தேன். ஆனால் மழை போய் மூன்று நாளாகிவிட்டது. எங்கள் ஊரில் பனித்துளியும் கிடையாது. இரண்டாவது கொடியிலும் நின்றது. மூன்றாவதில் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு உடனே கோபம்தான் வந்தது. மதினி ராத்திரியோடு ராத்திரியாக வந்து தண்ணீர் தெளித்து ஏமாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு வயசுக்கு இப்படியா? யாரும் பார்ப்பதற்குள் காங்கா நுனியால் ஒரு சொட்டை அழுத்தித் துடைத்தேன். வெட்டுவாய் காய்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவாக அது மறுபடி ஈரமானது. ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது.

மறுபடியும் துடைத்தேன். மறுபடியும் வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் போலத்தான் இருந்தது, துளி இனிப்பு இருந்தாலும் இருக்கலாம்.

"போன்சியானோ!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே டிராக்டரே நின்றுவிட்டது.

அவன் ஓடிவந்தான். பார்த்தான். அவனும் துடைத்தான், காத்திருந்தான், மறுபடி துடைத்தான். வரிசை வரிசையாக நடந்தான். இருநூற்றுப் பன்னிரண்டில் சொட்டு இல்லாதது பதினேழோ பதினெட்டோதான். அவன் பிறந்ததிலிருந்து திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்தவன், நான் அவனைவிட மூத்தவள். நாங்கள் இருவரும் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. எங்கள் கொடிகளைத் தூங்க விட்டால்தானே அது எழுந்துகொள்வதைப் பார்க்க முடியும்.

மதினி வந்தாள். ஒரு கட்டைக்கு முன்னால் நின்றாள். அவள் விரல் தானாக மேலே போனது. கண்ணிலிருந்து கன்னத்துக்கு ஒரு கோடு இழுத்தது.

"எமா," என்றாள், "அந்தாளு எங்களச் சொல்லல."

"எந்தாளு?"

"பியெரோ. அழுதா சரியாயிடும்னாரே. எங்களச் சொல்றார்னு நெனச்சோம். சிஸ்டரும் அப்படித்தான் நெனச்சது." அவள் சொட்டுகிற கட்டையைக் காட்டினாள். "இதுங்களச் சொல்லியிருக்காரு. இதுங்க அழும், அழுதா சரியாயிடும்னு."

பதினோரு வருஷமாக எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் ஆறுதலுக்கு நாங்கள் சொல்லிவந்த வார்த்தை அது. யாருக்குச் சொன்ன வார்த்தை என்று அன்றுதான் தெரிந்தது. ஆனால் என் வியாதி என்னை விடுமா?

"அப்ப அந்தாளு நெஜமா அழலியா? சும்மா செஞ்சு காட்டினாரா?"

"அழுதாருடி. மூக்கு ஒழுகினத நான் பாத்தேனே."

டிராக்டர்காரன் பொறுமை போய் ஹாரன் அடித்தான். கலப்பையை இறக்கவா வேண்டாமா என்று கீழேயிருந்து கத்தினான். போன்சியானோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பிறகு மேட்டோரம் நிற்கும் பெரிய பாவோபாப் மரத்துக்கு அந்தப் பக்கம் தரிசாகக் கிடக்கும், ஆடு மேய்கிற காட்டைக் கையால் காட்டினான்.

"அதையா?" என்று டிராக்டர்காரன் கேட்டான். "மேட்டத்தானப்பா உழுவணும்னு சொன்ன?"

"மேட்டுல கொடி நிக்குது."

"யாரோட கொடி?"

"எங்க அம்மாவோடது" என்றான் போன்சியானோ.

மதினி கேட்காதவள் போலக் குனிந்து ஒரு முடிச்சைச் சரி செய்துகொண்டிருந்தாள். அவிழாத முடிச்சு அது. நான் அவள் பக்கத்தில் போனேன்.

"மதினி, சாவே இல்லயாமே. எங்க மாவத் திருப்பிக் கொடு."

"துக்கத்துக்கு வந்த மாவ எவடி திருப்பிக் கேப்பா?" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆறு சட்டியும் ஒண்ணாக் கொட்டி அடுப்புல களி கொதிக்குது. அந்த அஞ்சு பேரையும் கூப்பிடு. கை கழுவிட்டு வா."